இரவல் பெயர்

மகப்பேறு மருத்துவமனையில் அந்த அம்மாளை எல்லோரும் சீட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பிறந்த குழந்தையின் கணுக்காலில் கட்டும் பட்டைக்குள் ஒரு சின்னச் சீட்டு செருகியிருக்கும். அதை எழுதுவது அவருடைய வேலை. இருபத்தெட்டு வருடம் ஒரே மேசையில் இருந்தார். மேசைக்குப் பின்னால் பதிவறை. அங்கே நான் இருந்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல். நான் சொல்லப்போகும் சம்பவத்தில் வரும் நேரங்கள் அன்றைய பதிவேட்டில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன. நான் நேரில் பார்க்காதவற்றை அவரும் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டரும் எழுதிக் கொடுத்த வாக்குமூலங்களிலிருந்து எடுத்திருக்கிறேன்.

சீட்டக்கா பயந்த சுபாவம் உள்ளவர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். லிப்டில் தனியாக ஏற மாட்டார். அவர் கணவர் பஸ் ஓட்டுநர். "எல்லாரும் என் பஸ்ஸுல டிக்கெட் வாங்கிட்டு ஏறுவாங்க சார். இவ மட்டும் பிரேக்கைப் பார்த்துட்டுதான் ஏறுவா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். சீட்டக்கா சிரிக்கவில்லை. "பார்த்தா என்ன தப்பு?" என்றார். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

சீட்டக்காவே பள்ளிப் பதிவேட்டில் பெயரில்லாமல் நுழைந்தவர். பெயர் வைக்கத் தாமதமாகிவிட்டதால் வாத்தியார் 'பாப்பா' என்று எழுதிக்கொண்டார். அந்தப் பாப்பா பள்ளிச் சான்றிதழிலும், வேலை உத்தரவிலும், கல்யாணப் பதிவிலும் கூடவே வந்தது. நாற்பது வயதில் சம்பளப் பட்டியலில் 'பாப்பா' என்று கூப்பிட்டபோது புதிதாக வந்த கணக்கர் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாராம், குழந்தை எங்கே என்று.

எங்கள் ஊர் துறைமுகத்தை ஒட்டியது. பல மொழி பேசும் பெண்கள் பிரசவத்துக்கு வருவார்கள். பெயர் வைக்காத குழந்தையின் சீட்டில் தாயின் பெயரை எழுதுவது பழைய வழக்கம். அந்தப் பெயர்களை ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதினார்கள். கோப்பு ஒரு பக்கம் போகும், குழந்தை ஒரு பக்கம் போகும். பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்குத்தான் இந்தக் கதி. "பையனுக்குப் பேரு பத்து மாசம் முன்னாடியே ரெடியா இருக்கும் சார். பொண்ணுன்னா பொறந்தப்புறம்தான் யோசிக்கவே உட்காருவாங்க" என்பார் சீட்டக்கா.

பெயர் வரும்வரை பெண் குழந்தைக்கு ஒரு பெயரை இரவல் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். யார் எழுதினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எந்தத் தாயும் முகம் சுளிக்கக் கூடாது. நேப்பாளி பேசும் ஒரு பெண், தன் மொழியில் அன்புக்கு மாயா என்று பெயர் என்று சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு சீட்டக்கா மேசைக்கு வந்தவர்களை எல்லாம் விசாரித்தார். ஒரு துருக்கிக் கப்பலின் சமையல்காரர், தங்கள் மொழியில் மாயா என்றால் மாவைப் புளிக்க வைக்கப் போடும் ஈஸ்ட் என்றார். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த நர்ஸ், அது தங்கள் ஊரில் வீட்டைச் சுற்றித் திரியும் சின்னக் குருவி என்றார். சுவீடன் மாலுமி ஒருவர், மரியாவைச் செல்லமாக அப்படிக் கூப்பிடுவோம் என்றார். எபிரேயத்தில் தண்ணீருக்கு மயிம் என்று பெயர். அதோடு இந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. பழைய கிரேக்கத்தில் மையா என்பது பிரசவம் பார்க்கும் பெண்ணைக் குறித்தது என்று நான் அகராதியில் பார்த்துச் சொன்னபோது, சீட்டக்கா எழுந்தே நின்றுவிட்டார். அதே அகராதியில் சமஸ்கிருதத்தின் மாயைக்கு, இருப்பதை இல்லாததாகவும் இல்லாததை இருப்பதாகவும் காட்டும் சக்தி என்று போட்டிருந்தது. அதையும் சொன்னேன்.

"அதை விடுங்க சார்" என்றார்.

இவையெல்லாம் ஒரே சொல் அல்ல, ஒவ்வொன்றும் தனித்தனி வழியில் வந்து ஒலியில் மட்டும் சந்திக்கின்றன என்றும் சொன்னேன்.

"வேரைத் தோண்டுறது உங்க வேலை. என் மேசைக்கு வர்ற அம்மா யாரும் அழாம இருந்தா எனக்குப் போதும்."

விதி எளிமையானது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு குழந்தைதான் மாயா. அதற்கு ஒரு நோட்டு. கொடுத்த தேதி, தாய், கட்டில் எண், திருப்பிய தேதி என்று நான்கு கட்டம். திருப்பிய தேதி விழாமல் அடுத்த குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. பெற்றவர்கள் மேசைக்கு வந்து பெயர் சொன்னதும் அந்தக் கட்டத்தை நிரப்புவார். உடனே பத்தடி நடந்து போய்ப் பட்டையை வெட்டிப் புதுச் சீட்டைக் கட்டுவார். பதினோரு வருடத்தில் நானூற்றுப் பதினொரு குழந்தைகள் மாயாவாக இருந்து தங்கள் பெயருக்குப் போயின. தவறு ஒன்றுகூட இல்லை.

ஆறு மாதம் முன்புதான் குறைமாதக் குழந்தைகளுக்கும் பலவீனமான குழந்தைகளுக்கும் ஐந்தாம் மாடியில் வெப்ப அறை திறந்தார்கள். பத்தடி தூரம் ஐந்து மாடியாயிற்று. அங்கே பட்டை மாற்ற இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். அதனால் புதுச் சீட்டு பகல் பன்னிரண்டு மணிக் கோப்புகளோடு மேலே போகும். திருப்பிய தேதியோ பழையபடி கீழே, பெயர் சொன்ன அந்த நிமிடமே விழுந்தது. இந்த இடைவெளியை அவரும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்த நானும் பார்க்கவில்லை.

அது ஒரு புதன்கிழமை. திங்களன்று எடை குறைவாகப் பிறந்து மேலே போன குழந்தையின் தகப்பனார் காலை பத்து இருபத்தைந்துக்கு வந்து பெயர் சொன்னார். அவர் கப்பல் பட்டறையில் வெல்டர். சீட்டக்கா பதிவேட்டில் பெயரை எழுதி, நோட்டில் திருப்பிய தேதியைப் போட்டு, புதுச் சீட்டைத் தட்டில் வைத்தார். அன்று கோப்பு வண்டியின் சக்கரம் கழன்றிருந்தது. வண்டி பன்னிரண்டுக்கு மேலே போகவில்லை. அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு இன்னொரு பெண் குழந்தையை மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. தாய் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். பிரசவத்தில் குழந்தைக்கு ரத்தம் போயிருந்தது. வெள்ளைத் துணிபோல் கிடந்தது. சீட்டக்கா தாயின் கட்டிலுக்குப் போனார்.

"பேரு யோசிச்சு வச்சிருக்கியா தங்கச்சி?"

"இல்லக்கா. அவரு வேலைக்குப் போன ஊர்லேர்ந்து வரட்டும்னு இருந்தோம்."

"அதுவரைக்கும் மாயான்னு எழுதிக்கறேன். இரவல் பேருதான். அப்புறம் திருப்பிக் குடுத்துடலாம்."

"மாயாவா? மாயமாப் போயிடுச்சும்பாங்களே, அதுவா?"

"சேச்சே. ஒரு ஊர்ல அன்பு. ஒரு ஊர்ல குருவி."

"நம்ம ஊர்ல என்னக்கா?"

குழந்தை காத்திருந்தது. சீட்டக்கா சீட்டை எழுதிக் கட்டிவிட்டார். நோட்டில் நானூற்றுப் பன்னிரண்டாவது வரி.

மூன்றிலிருந்து நான்கு வரை பார்வையாளர் நேரம். மூன்று நாற்பதுக்கு வெல்டர் சிரித்துக்கொண்டே மேசைக்கு வந்தார்.

"அக்கா, பேரு சொல்லி அஞ்சு மணி நேரமாச்சு. எம்பொண்ணு காலுல இன்னும் மாயான்னே இருக்கு. பக்கத்துத் தொட்டில்லயும் ஒரு மாயா. என்ன, பேரை மொத்த விலைக்கு எடுத்துட்டீங்களா?"

நான் தலையை நிமிர்த்தினேன். சீட்டக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் எழுதிய சீட்டு அதில் அப்படியே கிடந்தது.

"பக்கத்துத் தொட்டில்ல என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"ரத்தம் ஏத்தப் போறாங்க போல. பை எடுத்து மாட்டிட்டிருந்தாங்க."

அவர் தொலைபேசியை எடுத்து மேல் மாடி எண்ணைச் சுழற்றினார். மணி போகவில்லை. பிற்பகலில் குழந்தைகள் தூங்கட்டும் என்று வெப்ப அறையில் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவது வழக்கம். லிப்ட் வாசலில் இருபது பேர் நின்றார்கள்.

"சார், நீங்க ரத்த வங்கிக்குப் போங்க" என்றார். அதற்குள் படிக்கட்டில் இருந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது. முழங்கால் வலிக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ரத்த வங்கி பின்கட்டில். நான் ஓடிப் பல வருடமாகியிருந்தது, அன்று ஓடினேன். அங்கிருந்தவர் என்னைவிட நிதானமானவர். ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் பேசுவார்.

"மாயாவுக்கா? மூணு பதினெட்டுக்கே குடுத்தாச்சே."

"என்ன வகை?"

"பி. காலையில அந்தக் குழந்தைக்குப் பார்த்து எழுதினது இருந்துச்சு. அவசரம்னு சொன்னாங்க. மறுபடி எதுக்குப் பார்க்கணும்னு அப்படியே குடுத்துட்டேன்."

"காலையில நீங்க பார்த்தது வேற மாயா."

அப்போதுதான் நிமிர்ந்தார். "வேற மாயான்னா?"

"ரெண்டு பேரு இருக்காங்க."

எழுந்து நின்றவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "சாம்பிள் கொண்டு வரச் சொல்லுங்க, புதுசா. இப்பவே" என்றார். குரல் மாறியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பத்தாறு. ரத்தம் மேலே போய் இருபத்தெட்டு நிமிடம்.

அதே நிமிடத்தில் சீட்டக்கா மூன்றாம் மாடியில் நின்றுகொண்டிருந்தார். அவர் வாக்குமூலத்தில் இப்படி இருக்கிறது: "மூன்றாம் மாடியில் நின்றேன். நிற்கக் கூடாது என்று தெரியும். கால் வரவில்லை. கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டு ஏறினேன். எத்தனை நேரம் நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை."

வெப்ப அறையின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. கதவருகே ஆயா உட்கார்ந்திருந்தாள்.

"கை கழுவி, கவுன் போட்டுட்டு வாங்கக்கா. யாரா இருந்தாலும் அதான்."

சீட்டக்காவால் பேச முடியவில்லை. மூச்சு மட்டும் வந்தது. கண்ணாடியைத் தட்டினார். உள்ளே பெரிய சிஸ்டர் திரும்பிப் பார்த்து, கோப்புக்காக வந்திருக்கிறார் என்று நினைத்து, ஒரு விரலைக் காட்டினார். கொஞ்சம் பொறு என்று அர்த்தம். அவருக்குப் பின்னால் குழந்தை டாக்டர் ஒரு தொட்டில்மேல் குனிந்திருந்தார். தொட்டிலுக்கு மேலே பை தொங்கியது. குழாய் முழுவதும் சிவந்திருந்தது.

சீட்டக்காவின் இடுப்பில் எப்போதும் பேனா இருக்கும். ஆயாவின் வருகைப் பதிவேட்டைப் பிடுங்கி, அதன் பின்னட்டையில் எழுதிக் கண்ணாடியில் அழுத்தினார். 'நிறுத்துங்க. ரெண்டு மாயா.' பல வருடமாக எல்லோரும் படிக்கும்படி எழுதிப் பழகிய கை. டாக்டர் அங்கிருந்தே படித்தார். குழாயின் திருகை மூடினார். பதிவேட்டில் அவர் எழுதிய நேரம் மூன்று நாற்பத்தொன்பது. உள்ளே போன அளவு மூன்று மில்லி.

பிறகு டாக்டர் இரண்டு தொட்டிலுக்கும் போய், இரண்டு கணுக்காலையும் தூக்கிப் பார்த்தார். புதிய மாதிரி எடுத்துத் தன் கையாலேயே தாயின் பெயரையும் தொட்டில் எண்ணையும் எழுதினார். நான்கு இருபதுக்கு முடிவு வந்தது. ஓ வகை. சரியான ரத்தம் நான்கு ஐம்பதுக்கு ஏறத் தொடங்கியது.

நான் தாள்களோடு மேலே போனபோது டாக்டர் வாசலில் பேசிக்கொண்டிருந்தார். "மூணு மில்லிதான். ஆனா இந்த உடம்புக்கு மூணு மில்லி சும்மா இல்ல. ஏழு மணி வரைக்கும் பார்க்கணும். ஒண்ணுக்கு சிவப்பாப் போச்சுன்னா எந்த வேலையா இருந்தாலும் விட்டுட்டு என்னைக் கூப்பிடுங்க."

"அந்த அம்மாகிட்ட நான் சொல்லிடறேன்" என்றார் பெரிய சிஸ்டர்.

"வேண்டாம் சிஸ்டர். சீட்டு எழுதினது நான்" என்றார் சீட்டக்கா.

தாயைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். சீட்டக்கா எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததை வரிசையாக, எதையும் குறைக்காமல் சொன்னார். பத்து இருபத்தைந்துக்கு என்ன செய்தேன், தட்டில் என்ன இருந்தது, எதைப் பார்க்காமல் விட்டேன் என்று. அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்லக்கா. மாயமாப் போறதுன்னு."

அன்பும் குருவியும் ஈஸ்டும் அன்று சீட்டக்காவின் வாயில் வரவில்லை.

"உங்களுக்குக் குழந்தை இருக்கா?"

"இல்ல."

"அதான்."

நான் சுவரோரமாக நின்றேன். சீட்டக்கா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவரும் எழத்தான் போனார்.

"எங்க போறீங்க? உட்காருங்க. தனியா விட்டுட்டுப் போகாதீங்க" என்றாள் அந்தப் பெண், கோபத்தோடுதான்.

உட்கார்ந்தார்.

ஐந்தரைக்கு ஆயா முதல் துணியைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள். லேசான மஞ்சள். டாக்டர் தலையை ஆட்டினார். ஆறு மணிக்கு ஒன்றுமில்லை. ஆறே காலுக்கும் இல்லை. அந்தத் தாழ்வாரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு விசிறி ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. சீட்டக்கா தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மறுபடி பிரித்துக்கொண்டிருந்தார். எதை எண்ணினார் என்று எனக்குத் தெரியாது.

ஆறு நாற்பதுக்கு ஆயா கதவைத் திறந்தபோது கையில் துணியை மடித்தே வைத்திருந்தாள். முன்பு போல விரித்துக் காட்டவில்லை.

"டாக்டர் எங்க?" என்றாள்.

சீட்டக்கா துணியை வாங்கி விரித்தார். நடுவில் செங்கல் தூள் தடவியதுபோல இளஞ்சிவப்பாக ஒரு கறை, நகத்தளவு. தாய் அதைப் பார்த்தாள். சீட்டக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த விரல் தடம் மறுநாளும் நீலமாக இருந்ததை நான் பார்த்தேன்.

டாக்டர் வந்து துணியை விளக்கடியில் பிடித்தார். சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். பதினாறு நிமிடம். அந்தப் பதினாறு நிமிடத்தைப் பற்றி எழுத என்னிடம் பதிவு ஏதும் இல்லை. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

ஆறு ஐம்பத்தாறுக்குச் சோதனைக்கூடத்திலிருந்து தாள் வந்தது. டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார்.

"ரத்தம் இல்ல. பொறந்த குழந்தைங்க நிறையப் பேருக்கு முதல் ரெண்டு மூணு நாள் இப்படிப் போகும். உப்புதான்."

"நிச்சயமா?" என்றார் சீட்டக்கா.

"நிச்சயமா."

"அதை எழுதிக் குடுங்க டாக்டர்."

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் கோப்பில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாரும் கேட்பதற்கு முன்பே சீட்டக்கா மறுநாள் காலை நான்கு பக்க வாக்குமூலத்தை மேலிடத்தில் கொடுத்தார். ரத்த வங்கிக்காரரின் பெயர் அதில் எங்கும் இல்லை. அவர் தனியாக ஒன்று எழுதிக் கொடுத்தார். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த திங்களிலிருந்து பெயரோடு எண்ணும் போட்ட பட்டைகள் வந்தன. மாயாவை அதன்பின் யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை. குழந்தை பதினெட்டாம் நாள் தாயோடு வீட்டுக்குப் போனது.

அந்த மாலை, டாக்டர் உள்ளே போனதும், தாய் சீட்டக்காவின் மணிக்கட்டை விட்டாள்.

"அக்கா, முதல்ல அந்தப் பேரை எடுங்க."

"வேற பேரு வேணுமே தங்கச்சி. உன் வீட்டுக்காரர் வரட்டும்னு சொன்ன."

"அவரு வந்து கோவிச்சுக்கட்டும். நான் பார்த்துக்கறேன்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பயத்தில் ஒரு பெயரும் வரவில்லை என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெயர்கள், வேலை செய்யும் இடத்துப் பெயர்கள் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒன்றைச் சொல்லி நிறுத்தினாள். சீட்டக்கா மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். எழுதினார். எழுத்து கோணியதால் முதல் சீட்டைக் கிழித்துவிட்டு இரண்டாவது எழுதினார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அந்தக் குழந்தையுடையது. இப்போது அவளுக்குக் கல்யாண வயது இருக்கும்.

"வாசிச்சுக் காட்டுங்க" என்றாள் தாய்.

வாசித்துக் காட்டினார்.

கை கழுவி, கவுன் போட்டுக்கொண்டு உள்ளே போனார். பெரிய சிஸ்டரும் அவரும் கையெழுத்திட்டுப் பழைய பட்டையை வெட்டினார்கள். பிறகு வெல்டரின் குழந்தைக்கும் அதேபோல் வெட்டிக் கட்டினார்கள். எல்லாம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். அவர் கணவர் பஸ்ஸைப் பணிமனையில் விட்டுவிட்டு வந்து கீழே காத்திருந்தார்.

"பதிவேட்டை எடுத்துட்டு வாங்க சார்" என்றார் சீட்டக்கா.

ஜன்னலோரத் தொட்டிலிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு குழந்தையின் காலையும் துணியிலிருந்து விலக்கி, சீட்டைப் படித்து, நான் பதிவேட்டில் விரல் வைத்துச் சரி என்று சொன்ன பிறகே அடுத்ததற்குப் போனார். ஐந்தாம் மாடி முடிந்து, நான்காம், மூன்றாம், இரண்டாம் மாடி என்று இறங்கினோம். அன்று கட்டிடத்தில் மொத்தம் நாற்பத்தொரு குழந்தைகள். நாற்பத்தொன்றும் சரியாக இருந்தன. கடைசிக் குழந்தையின் காலை மூடிவிட்டு, சீட்டக்கா படிக்கட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"மேலே அந்த முதல் தொட்டிலை இன்னொரு தடவை பார்த்துடலாமா சார்?"

ஏறினோம்.